மகள் 1/4 + 1/8 = 2/12 என்று எழுதுகிறாளா?

கீழே உள்ள எண்களைச் சமமாக்கும் மீ.சி.ம. (மீச்சிறு பொது மடங்கு) விதியை இப்போதைக்கு நிறுத்துங்கள். 1/8-ஐ "அரைக்கால்" என்று சொல்லவையுங்கள். காலில் அரை என்பது அந்தப் பெயரிலேயே இருக்கிறது. 2/12 வரக் காரணம், பெரும்பாலும் மேலும் கீழும் உள்ளவற்றைத் தனித்தனி முழு எண்களாகப் பார்ப்பதுதான். "எட்டில் ஒன்று" என்னும்போது அவள் காதில் விழுவது எட்டு மட்டும்.

வீட்டில் பழைய உழக்கும் ஆழாக்கும் இருந்தால் எடுங்கள். உழக்கு கால் படி, ஆழாக்கு அரைக்கால் படி. ஓர் உழக்கு அரிசியை ஆழாக்கால் அளக்கச் சொல்லுங்கள், இரண்டு வரும். அப்புறம் இன்னோர் ஆழாக்கு. மூன்று அரைக்கால், அதாவது 3/8. அரிசி சிந்தினாலும் பரவாயில்லை, அவளே அளக்கட்டும்.

ஆனால் இது பாதி பாதியாகப் போகும் பின்னங்களுக்குத்தான். 1/3 + 1/4 வந்தால் மீ.சி.ம.வுக்குத் திரும்பியே ஆக வேண்டும்.