12 மி.மீ. காலெட்டில் அரை அங்குல பிட்: வெளிநாட்டிலிருந்து வரவழைக்கும் முன்

கேள்வி: என்னிடம் 12 மி.மீ. காலெட் (சுழன்று மரத்தை வெட்டும் பிட்டின் தண்டைக் கவ்விப் பிடிக்கும் பாகம்) போட்ட மரவேலை ரூட்டர் இருக்கிறது. உறவினர் ஒருவர் வெளிநாட்டிலிருந்து அரை அங்குலத் தண்டு கொண்ட பிட் செட் ஒன்று வாங்கி வந்து தந்தார். பேனல் கதவுக்கான பெரிய பிட்டும் அதில் இருக்கிறது. ஆனால் எந்த பிட்டும் காலெட்டுக்குள் நுழையவில்லை. அரை அங்குல காலெட் இங்கே எந்தக் கடையிலும் கிடைக்கவில்லை. காலெட்டின் துளையைக் கொஞ்சம் பெரிதாக்கித் தருவதாகக் கடைசல் பட்டறையில் சொல்கிறார்கள். இன்னொருவர், தானே வெளிநாட்டிலிருந்து வரவழைத்துத் தருவதாகவும், 'அன்பளிப்பு' என்று எழுதிவிட்டால் வரி வராது என்றும் சொல்கிறார். என்ன செய்வது?

பதில்: முதலில், காலெட்டைக் கடைசல் பட்டறைக்குக் கொடுக்காதீர்கள். கொடுத்துவிட்டீர்கள் என்றால் அதைத் திரும்பப் போட்டு ஓட்டாதீர்கள்.

அரை அங்குலம் என்றால் 12.7 மி.மீ. உங்கள் காலெட் 12. வித்தியாசம் 0.7 மி.மீ.தானே என்று தோன்றும். காலெட் என்பது வெறும் துளை போட்ட குழாய் இல்லை. பிளவு பிளவாக வெட்டி, வெளிப்புறம் கூம்பாக்கி, வில் போல வளைந்து கொடுக்கும்படி கடினப்படுத்திய எஃகு அது. நட்டை முறுக்கும்போது எல்லாப் பக்கமும் ஒரே சீராக நெருங்கித் தண்டை முழு நீளத்துக்கும் கவ்வ வேண்டும். துளையைக் கடைந்தால் சுவர் மெலிந்துவிடும், மையமும் துளியாவது விலகும். இன்னும் சிலர் பிட்டின் தண்டையே 12-க்குத் தேய்த்துத் தருகிறேன் என்பார்கள். அதுவும் வேண்டாம்.

ஏன் இவ்வளவு கண்டிப்பு என்று ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். பேனல் பிட்டின் விட்டம் 80 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம். நிமிடத்துக்கு 12,000 சுற்று ஓட்டினால் அதன் விளிம்பு வினாடிக்கு சுமார் 50 மீட்டர், அதாவது மணிக்கு 180 கிலோமீட்டர் வேகத்தில் பாய்கிறது. அதையே 22,000 சுற்றில் ஓட்டினால் மணிக்கு 330 கிலோமீட்டர். அந்த வேகத்தில் பிட் காலெட்டிலிருந்து நழுவினால் விலகி நிற்க உங்களுக்கு நேரம் இருக்காது. ஆகவே பெரிய பிட்டுக்கு வேகத்தைக் குறைக்கும் வசதியுள்ள ரூட்டர் வேண்டும். பிட்டின் மேல் பொறித்திருக்கும் உச்ச வேகத்தைத் தாண்டக் கூடாது. கையில் பிடித்து ஓட்டாமல் மேசைக்கு அடியில் பொருத்தித்தான் ஓட்ட வேண்டும்.

சரி, காலெட்டுக்கு வருவோம். உங்கள் ரூட்டரின் பெயர்ப்பலகையைப் படமெடுத்துக்கொள்ளுங்கள். மாடல் பெயரை மட்டும் குறித்தால் போதாது, அதன் பின்னால் வரும் எழுத்தும் எண்ணும் வேண்டும். போஷ் என்றால் பத்து இலக்க எண் இருக்கும். அதை வைத்துத் தயாரிப்பாளரின் உதிரிபாக வரைபடத்தைப் பாருங்கள். அதில் காலெட்டுக்கு என்று ஒரு பாக எண் இருக்கும். உங்கள் மாடலுக்கே உரிய அரை அங்குல காலெட்டின் பாக எண்தான் நீங்கள் வாங்கப்போகும் பொருளின் பெயர். 'அரை அங்குல ரூட்டர் காலெட்' என்று தேடி, பார்க்க ஒரே மாதிரி இருக்கிறதே என்று வாங்கினால் கூம்பின் கோணமோ நட்டின் மரையோ பொருந்தாமல் போகும். சில கம்பெனிகளில் காலெட்டும் நட்டும் ஒரே உருப்படி, சிலவற்றில் தனித்தனி. ஒருமுறை நான் இதைக் கவனிக்காமல் நட் இல்லாத காலெட்டை வரவழைத்துவிட்டு, நட்டுக்காக இன்னொரு முறை அனுப்பும் செலவு கட்டினேன்.

எனக்கு ஆத்திரம் வருவது இந்த இடத்தில்தான். அதே கம்பெனி, அதே ரூட்டரை ஒரு நாட்டில் அரை அங்குல காலெட்டோடு விற்கும், இன்னொரு நாட்டில் 12 மி.மீ. காலெட்டோடு விற்கும். உதிரிபாகம் கேட்டுப் போனால், 'அது நம் சந்தைக்கு இல்லை' என்று பதில் வரும். உள்ளங்கையில் அடங்கும் ஒரு இரும்புத் துண்டைப் பட்டியலில் சேர்த்தால் என்ன குறைந்துவிடும்? வாடிக்கையாளரை ஏஜென்டிடம் தள்ளிவிடுவது இந்த அலட்சியம்தான்.

காலெட் தன் அளவை மட்டும்தான் கவ்வும் என்பதற்கு ஒரு விதிவிலக்கு உண்டு. அதைச் சரியாகப் புரிந்துகொள்ளாமல் பலர் கைக்காசை இழப்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். ஈ.ஆர். என்ற வகைக் காலெட்டுகள் இருக்கின்றன. சி.என்.சி. (கணினி கட்டுப்பாட்டில் ஓடும்) இயந்திரங்களின் ஸ்பிண்டிலில், அதாவது பிட்டைச் சுழற்றும் அச்சில், இவைதான் பெரும்பாலும் இருக்கும். இவற்றில் ஒவ்வொரு காலெட்டும் ஒரு வரம்புக்குள் சுருங்கும். ஈ.ஆர். 20 வகையில் 13 என்று பொறித்த காலெட் 13-லிருந்து 12 மி.மீ. வரை கவ்வும், எனவே 12.7 தண்டு அதில் முறையாக உட்காரும். ஈ.ஆர். 16 வகையின் உச்ச அளவே 10 மி.மீ.தான், அதில் அரை அங்குலம் நுழையாது. ஈ.ஆர். காலெட்டை முதலில் நட்டுக்குள் 'டக்' என்று உட்கார வைத்துவிட்டுத்தான் ஸ்பிண்டிலில் ஏற்ற வேண்டும். காலெட்டை ஸ்பிண்டிலில் போட்டுவிட்டு மேலே நட்டை முறுக்கினால் பிட் கோணிக்கொண்டு ஓடும், காலெட்டும் பாழாகும். இத்தனையும் உங்கள் நட்டில் ஈ.ஆர். என்று பொறித்திருந்தால் மட்டும். கையில் பிடிக்கும் ரூட்டரில் அது இருப்பது அபூர்வம். 'எல்லாவற்றுக்கும் பொருந்தும் ஈ.ஆர். காலெட்' என்று உங்களிடம் யாராவது விற்க வந்தால், ஆளை அனுப்பிவிடுங்கள்.

இப்போது அந்த 'அன்பளிப்பு' ஆள். அவரிடம் போகாதீர்கள். பணம் கொடுத்து வாங்கிய பொருளை அன்பளிப்பு என்று எழுதுவது பொய்க் கணக்கு. அன்பளிப்புக்கும் மதிப்பு உண்டு, சுங்கத்தில் அதைக் கேட்பார்கள். பார்சலில் பெறுபவர் என்று இருப்பது உங்கள் பெயர். பிடிபட்டால் பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள், அவர் போனைக்கூட எடுக்க மாட்டார். வழியில் தொலைந்துபோனால் இழப்பீடும் எழுதிய மதிப்புக்குத்தான். எனக்கே இது நடந்தது. நல்ல பிட் செட் ஒன்றை ஒரு ஏஜென்ட் மூலம் வரவழைத்தேன். 'மாதிரிப் பொருள்' என்று சொற்ப விலை போட்டு அனுப்பினார். பார்சல் வரவே இல்லை. கைக்கு வந்த இழப்பீட்டில் ஒரு பிட்கூட வாங்க முடியவில்லை.

அதனால் விற்பவரிடமிருந்து நேரடியாக வாங்குங்கள். இன்வாய்ஸில் உண்மையான விலையும், பொருள் என்ன என்ற தெளிவான விவரமும், எச்.எஸ். குறியீடும் (சுங்கத்தில் பொருளை வகைப்படுத்தும் எண்) இருக்கச் சொல்லுங்கள். முதல் ஆறு இலக்கம் எல்லா நாட்டுக்கும் பொது. ரூட்டர் பிட்டின் எண் 8207 என்று தொடங்கும், காலெட் போன்ற பிடிப்பான்களின் எண் 8466 என்று தொடங்கும். 'ஸ்பேர் பார்ட்ஸ்' என்று ஒற்றை வரியில் எழுதினால் அதிகாரி தன் ஊகத்துக்கு ஒரு தலைப்பில் போடுவார், பார்சல் காத்துக்கிடக்கும். பெரும்பாலான நாடுகளில் வரி, பொருளின் விலையோடு அனுப்பும் செலவும் காப்பீடும் சேர்த்த தொகைக்குத்தான். இதுபோக, வரியை உங்கள் சார்பில் முன்கூட்டிக் கட்டியதற்கு என்று கூரியர் தனிக் கட்டணம் போடும். ஆர்டர் செய்யும் முன்பே அது எவ்வளவு என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

காலெட் சின்னப் பொருள், எடையும் அளவும் குறைவு. கைடு ரெயில் போன்ற நீளமான பொருளுக்குக் கணக்கே வேறு. நீள, அகல, உயரத்தை சென்டிமீட்டரில் பெருக்கி 5000-ஆல் வகுத்து வருவதை எடை என்று பெரும்பாலான கூரியர்கள் எடுத்துக்கொள்கின்றன. 140 × 20 × 8 பெட்டிக்கு, உள்ளே பஞ்சு இருந்தாலும் நாலரை கிலோ. உறவினர் மறுபடி பயணம் வருகிறார் என்றால் காலெட்டை அவரிடமே சொல்லிவிடலாம். பிட்டும் சேர்த்துக் கொண்டுவந்தால் செக்-இன் பெட்டியில் போடச் சொல்லுங்கள், கைப்பையில் வைத்தால் விமான நிலையத்தில் எடுத்துவிடுவார்கள்.

இனிமேல் பிட் வாங்குவதானால் அரை அங்குலத்தின் பின்னால் போகாதீர்கள். அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் கால், அரை அங்குலத் தண்டுகள் அதிகம். ஐரோப்பியக் கண்டத்து நாடுகளில் 8, 12 மி.மீ. தண்டுகள் தாராளமாகக் கிடைக்கும். ஜப்பானில் 6, 12. உங்கள் காலெட்டின் அளவு எந்த நாட்டில் வழக்கமோ அங்கிருந்து வரவழைத்தால் காலெட்டைத் தொடவே வேண்டியதில்லை.

காலெட் வந்ததும் தண்டையும் காலெட்டையும் எண்ணெய்ப் பிசுக்கு போகத் துடைத்துவிட்டு, தண்டை முழுக்க உள்ளே விட்டு 3 மி.மீ. போல வெளியே இழுத்தபின் நட்டை முறுக்குங்கள். தண்டில் காலெட்டின் வாயை ஒட்டிப் பேனாவால் ஒரு கோடு போட்டு, முதலில் செட்டில் உள்ள மிகச் சின்ன பிட்டால் ஒரு கழிவுத் துண்டை ஓட்டிப் பாருங்கள். கோடு கொஞ்சம் நகர்ந்திருந்தாலும் அந்தக் காலெட்டைத் திருப்பி அனுப்புங்கள்.