உடம்பில் இவ்வளவு தண்ணீர் இருந்தும் புரதம் ஏன் கரைந்து போவதில்லை?

"பெப்டைடு பிணைப்பை நீர் உடைக்கும் என்று படித்தோம். உடம்பில் பாதிக்கு மேல் தண்ணீர்தானே, அப்புறம் புரதம் எப்படி நிலைத்து நிற்கிறது?" என்று கேட்டிருக்கிறீர்கள். படித்தது சரிதான். உடைய எவ்வளவு நாளாகும் என்பதைத்தான் பாடப்புத்தகம் சொல்லாமல் விட்டுவிடுகிறது.

புரதம் என்பது அமினோ அமிலங்கள் கோத்த சங்கிலி, அவற்றை இணைப்பதுதான் பெப்டைடு பிணைப்பு. ஒரு அமினோ அமிலத்தின் கார்பாக்சில் முனையும் இன்னொன்றின் அமினோ முனையும் சேரும்போது ஒரு நீர் மூலக்கூறு வெளியேறுகிறது. அதே நீர் திரும்ப உள்ளே வந்தால் பிணைப்பு அறும். ஆற்றல் கணக்குப்படி அறுவதுதான் லாபம். ஒவ்வொரு பிணைப்பையும் போட செல் நான்கு உயர் ஆற்றல் பாஸ்பேட் பிணைப்புகளைச் செலவழிக்க வேண்டியிருக்கிறது. ஆனால் நைட்ரஜன் தன் தனி இணை எலக்ட்ரான்களைப் பக்கத்துக் கார்பனோடு பகிர்ந்துகொள்வதால், அந்தக் கார்பனை நீரால் சுலபமாகத் தாக்க முடியாது. சாதாரணக் கார்பன்-நைட்ரஜன் ஒற்றைப் பிணைப்பின் நீளம் சுமார் 1.47 ஆங்ஸ்ட்ராம், இங்கே 1.33தான், இந்தப் பகிர்வுதான் அதைச் சுருக்கி இறுக்குகிறது. நடுநிலையான நீரில், அறை வெப்பநிலையில், பாதிப் பிணைப்புகள் அறுவதற்கே சில நூறு ஆண்டுகள் பிடிக்கும் என்று ராட்சிக்கா, வுல்ஃபெண்டன் என்ற இரு ஆய்வாளர்கள் 1996இல் கணக்கிட்டார்கள்.

ஆய்வகத்தில் புரதத்தை முழுசாக உடைக்க நாங்கள் படுத்தும் பாட்டைப் பார்த்தால் இது புரியும். 6 நார்மல் ஹைட்ரோகுளோரிக் அமிலம், காற்றை உறிஞ்சி மூடிய கண்ணாடிக் குழாய், 110 டிகிரி, 24 மணி நேரம். வெளியே எடுக்கும்போது டிரிப்டோஃபேன் என்ற அமினோ அமிலம் பெரும்பாலும் அழிந்திருக்கும். அஸ்பராஜின் அஸ்பார்டிக் அமிலமாகவும் குளூட்டமின் குளூட்டாமிக் அமிலமாகவும் மாறியிருக்கும், எது எதுவாக இருந்தது என்றே சொல்ல முடியாது. (முட்டையை வேகவைப்பது இந்தக் கணக்கில் வராது. அங்கே மடிப்பு அவிழ்ந்து ஒன்றோடொன்று சிக்கிக்கொள்கிறது, அவ்வளவுதான். சங்கிலி அறுவதில்லை.)

இதே வேலையைக் குடலில் நொதிகள் 37 டிகிரியில் சில மணி நேரத்தில் முடித்துவிடுகின்றன. அவற்றில் ஒன்றான டிரிப்சின் கண்ட இடத்தில் வெட்டாது. லைசின் அல்லது ஆர்ஜினின் என்ற அமினோ அமிலத்துக்கு அடுத்த பிணைப்பாகப் பார்த்து வெட்டும். நீர் தாக்கத் தயங்கும் கார்பனை டிரிப்சினில் உள்ள செரின் என்ற அமினோ அமிலம் முதலில் பிடித்துக்கொள்கிறது. நீர் பிறகு வந்து விடுவிக்கிறது. மட்டனில் அரைத்துப் பூசும் பப்பாளிக்காயில் உள்ள பப்பெயின் என்ற நொதியும் இப்படித்தான், செரினுக்குப் பதில் சிஸ்டீன். அதிக நேரம் ஊறவிட்டால் கறி கூழாகிவிடும்.

ஆக, உடம்பு பயப்பட வேண்டியது தண்ணீருக்கு அல்ல, நொதிக்கு. அதனால்தான் கணையம் டிரிப்சினை நேராகச் செய்வதில்லை. டிரிப்சினோஜன் என்ற செயலற்ற வடிவில் செய்து அனுப்புகிறது. சிறுகுடலில் இன்னொரு நொதி அதன் முனையில் ஒரு துண்டை நறுக்கிய பிறகுதான் அது வேலை செய்யும். கணையத்துக்குள்ளேயே அது முன்கூட்டி விழித்துக்கொண்டால் நீங்கள் கேட்ட விபரீதம் நடக்கத் தொடங்கும்: கணையம் தன்னையே செரிக்கும். திடீர்க் கணைய அழற்சி என்று மருத்துவர்கள் சொல்வதில் நடப்பது பெரும்பாலும் இதுதான்.