நிலம் என் பெயரில், விலை மானியம் யாருக்கு?

வாசகர் ஒருவரின் கேள்வி: "அமெரிக்காவில், இல்லினாய்ஸ் மாநிலக் கிராமப்புறக் கவுண்டி (மாவட்டம் மாதிரி) ஒன்றில் 80 ஏக்கர் வாங்கி, உள்ளூர் விவசாயிக்கு ரொக்கக் குத்தகைக்கு விட்டிருக்கிறேன். மக்காச்சோளமும் சோயாவும் போடுகிறார். விலை விழுந்தால் அரசு பணம் தரும் என்றார் நிலத்தை விற்றவர். எனக்கு எதுவும் வரவில்லை. பக்கத்து கவுண்டியில் வந்ததாம். நான் எங்கே விண்ணப்பிப்பது?"

ரொக்கக் குத்தகை என்றால் நீங்கள் விண்ணப்பிக்க முடியாது. விளைச்சலில் யாருக்கு லாப நட்டம் உண்டோ அவருக்குத்தான் இந்தப் பணம். விலை எப்படிப் போனாலும் உங்கள் குத்தகைப் பணம் மாறாது; நட்டப்படுவது உழுபவர். அதனால் முழுத்தொகையும் அவருக்கே. விளைச்சலில் பங்கு வாங்கும் வாரமுறை என்றால் அதே விகிதத்தில் உங்களுக்கும் வரும். ரொக்கம் வாங்கிக்கொண்டே பங்கு இருப்பதாக எழுதிக் கொடுப்பது பொய்த் தகவல். அந்தப் பக்கம் போகவே வேண்டாம்.

இதில் இரண்டு திட்டங்கள் உண்டு, இரண்டும் 2014 வேளாண் சட்டத்தில் வந்தவை. முதலாவதான பிஎல்சி (விலை இழப்புக் காப்பு) விலையை மட்டும் பார்க்கும். 2025 சட்டத்துக்குப் பின் அடிப்படைக் குறிப்பு விலை மக்காச்சோளத்துக்குப் புஷலுக்கு (அங்கே தானியம் அளக்கும் அலகு) 4.10 டாலர் (முன்பு 3.70), சோயாவுக்கு 10 டாலர் (முன்பு 8.40). முந்தைய வருட விலைகளைப் பொறுத்து அந்த வருடக் குறிப்பு விலை இதைவிடக் கொஞ்சம் கூடுதலாகவும் இருக்கலாம். நாடு தழுவிய சராசரிச் சந்தை விலை அதற்குக் கீழே போனால் வித்தியாசத்தை அரசு தரும்.

அந்த வித்தியாசமும் இந்த வருடம் விதைத்த பரப்புக்குக் கிடைப்பதில்லை. பழைய சாகுபடிக் கணக்கை வைத்து நிலத்துக்குப் பதிவான 'பேஸ் ஏக்கர்' என்று ஒன்று உண்டு. அதில் 85 சதவீதத்துக்குத்தான் பணம். உங்கள் நிலத்தில் 70 ஏக்கர் மக்காச்சோள பேஸ், பதிவான விளைச்சல் ஏக்கருக்கு 150 புஷல், விலை 20 சென்ட் குறைவு என்று வைத்துக்கொள்வோம். ஏக்கருக்கு 30 டாலர், 59.5 ஏக்கருக்கு 1,785 டாலர். அதிலும் பட்ஜெட் வெட்டாக 5.7 சதவீதம் போய்விடும். பேஸ் இல்லாத நிலம் என்றால் எவ்வளவு விளைந்தாலும் பூஜ்யம்தான். நிலம் வாங்குபவர் பத்திரத்துக்கு முன்பே இதைப் பார்த்திருக்க வேண்டும் என்பேன்.

பக்கத்து கவுண்டிக்கு மட்டும் வந்தது ஏன்? அது அனேகமாக இன்னொரு திட்டமான ஏஆர்சி-யாக (விவசாய வருமான இடர்க் காப்பு) இருக்கும். கவுண்டியின் சராசரி விளைச்சலை நாட்டு விலையால் பெருக்கி, வழக்கமான வருமானத்தோடு ஒப்பிடுவார்கள். விலை எல்லோருக்கும் ஒன்றுதான், மாறுவது விளைச்சல். அங்கே மழை பொய்த்து உங்கள் கவுண்டி நன்றாக விளைந்திருந்தால், சாலைக்கு அந்தப் பக்கம் பணம், இந்தப் பக்கம் ஒன்றுமில்லை. உங்கள் வயலை மட்டும் ஆலங்கட்டி மழை அடித்துப் போட்டாலும் கவுண்டி சராசரி அசையாது. அதற்குப் பயிர்க் காப்பீடுதான் கைகொடுக்கும்.

பணம் கைக்கு வரத் தாமதமும் ஆகும். 2024 இலையுதிர் காலத்தில் அறுத்த மக்காச்சோளத்துக்கு 2025 அக்டோபருக்கு அப்புறம்தான். இதை நம்பிக் கடன் தவணை போடாதீர்கள்.

சரி, இப்போது செய்ய வேண்டியது: உங்கள் கவுண்டிக்கான எஃப்எஸ்ஏ (அமெரிக்க வேளாண் துறையின் பண்ணைச் சேவைப் பிரிவு) அலுவலகத்தில் 156ஈஇசட் என்ற தாளைக் கேளுங்கள். பண்ணை எண், பயிருக்குப் பயிர் பேஸ் ஏக்கர், பிஎல்சி-க்குப் பதிவான விளைச்சல் எல்லாம் அதில் இருக்கும். பேஸ் நன்றாக இருந்தால் அடுத்த குத்தகைத் தொகையைப் பேசும்போது அதைச் சொல்லலாம், தப்பில்லை. வாரமுறைக்கு மாறுவதாக இருந்தால், உரம், விதைச் செலவிலும் பங்கு உண்டா என்பதை முதலில் அவரோடு பேசி எழுதிக்கொள்ளுங்கள். பிறகு குத்தகை ஒப்பந்த நகலுடன் ஏடி-1026 (மண், ஈரநிலப் பாதுகாப்பு உறுதிமொழி), சிசிசி-902 (பண்ணை நடத்தும் விவரம்), சிசிசி-941 (வருமானச் சான்று) படிவங்களைக் கொடுத்து, அந்த வருடப் பதிவுக் கெடு முடிவதற்குள் உங்கள் பங்கையும் சேர்த்துவிடுங்கள்.