அப்பா கல்ஃபுல இல்ல, மக்களே

கணவர் மூன்று வாரமாக மனநலப் பிரிவில் இருக்கிறார். இரண்டாம் வகுப்பு படிக்கும் மகனிடம், கல்ஃபுக்குப் போயிருப்பதாகச் சொல்லிவிட்டோம். வீடியோ கால் கேட்டுத் தினமும் அழுகிறான். – தக்கலை வாசகி

நம் குமரி மாவட்டத்தில் இந்தப் பொய் சட்டென்று வாயில் வந்துவிடும். உங்களைக் குறை சொல்லமாட்டேன். ஆனால் இன்றைக்கே திருத்திவிடுங்கள். கல்ஃபுக்குப் போன அப்பா ஏன் கூப்பிடவில்லை என்று பிள்ளை யோசிப்பான்; காரணத்தைத் தன்னிடமே தேடுவான். அப்பாவோடு ஆலோசனைக்காக என் அறைக்கு வந்த ஒரு பையன், பேசாமல் மேஜை விளிம்பை நகத்தால் கீறிக்கொண்டே இருந்தான். வெகுநேரம் கழித்து, "நான் டார்ச் லைட்டை உடைச்சேன். அதுக்குப் பொறவுதான் அப்பாவுக்கு இப்படி ஆச்சு" என்றான். நான்கு மாதமாக அதைச் சுமந்திருக்கிறான். வீட்டில் யாரும் அவனைத் திட்டவில்லை. யாரும் எதுவுமே சொல்லவில்லை.

உங்கள் மகனிடம் இப்படிச் சொல்லிப் பாருங்கள்: "மக்களே, நாங்க அன்னைக்குச் சொன்னது தப்பு. அப்பா கல்ஃபுல இல்ல, ஆஸ்பத்திரியில இருக்காங்க. காய்ச்சல் வந்தா உடம்புக்குச் சுகமில்லன்னு சொல்லுவோம்லா, அதுபோல அப்பாவுக்கு மனசுக்குச் சுகமில்ல. டாக்டர் மருந்து குடுக்காங்க. நீ செஞ்ச எதுனாலயும் இது வரல. அப்பா வர்ற வரைக்கும் சித்தப்பா உன்னை ஸ்கூல்ல விடுவாங்க." கடைசி வரியை விட்டுவிடாதீர்கள். ஏழு வயதில் நோயின் பெயரைவிட, நாளைக்குத் தன்னோடு யார் வருவார் என்பதுதான் பெரிது. எப்போது வருவார் என்று கேட்டால் தேதி சொல்லாதீர்கள். "டாக்டர் சொன்னதும் உன்கிட்டத்தான் முதல்ல சொல்லுவேன்" போதும். டாக்டர் சம்மதித்தால் இன்று மாலையே அப்பாவின் குரலைப் போனில் கேட்கட்டும்.

எனக்கு பைபோலார் (மனநிலை மிகையாக ஏறி இறங்கும்) நோய், அதற்கு லித்தியம் மாத்திரை எடுக்கிறேன். பன்னிரண்டு வயது மகள் தினமும் மாத்திரைகளை எண்ணிப் பார்க்கிறாள். – குலசேகரம் வாசகி

நோயின் பெயரைச் சொல்லிவிடுங்கள். மாத்திரை அட்டையில் உள்ளதை அவள் எப்போதோ போனில் தேடியிருப்பாள். மருந்தின் அளவு ரத்தத்தில் கூடிவிடாமல் பார்க்கத்தான் அவ்வப்போது ரத்தம் எடுக்கிறார்கள் என்பதையும் சொல்லுங்கள். பிறகு அந்த எண்ணும் வேலையை அவளிடமிருந்து வாங்கிவிடுங்கள். கணவர் விடியுமுன் ரப்பர் வெட்டப் போகிறவரென்றால், இரவே மறுநாள் மாத்திரையைத் தனியாக எடுத்து வைக்கலாம். "அது அப்பாவோட வேலை, நீ விளையாடு" என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். நீங்கள் தூங்காமல் இடைவிடாது பேசத் தொடங்கினால் யாரைக் கூப்பிட வேண்டும் என்பது மட்டும் அவளுக்குத் தெரிந்திருக்கட்டும்.

மனைவிக்கு மனச்சிதைவு (ஸ்கிசோஃப்ரினியா). பேய் பிடித்திருக்கிறது என்று என் அம்மா பேரனிடம் சொல்கிறார். அவன் தாயின் பக்கத்தில் படுக்கவே பயப்படுகிறான். – கொல்லங்கோடு வாசகர்

பயப்படாமல் என்ன செய்வான்! "நமக்குக் கேட்காத குரல் அம்மாவுக்குக் கேட்குது, மருந்து எடுத்தா அது குறையும்" என்று நீங்களே சொல்லுங்கள். உங்கள் அம்மாவிடம் பிள்ளையின் முன்னால் சண்டை வேண்டாம். குருசடியோ கோயிலோ தர்காவோ, வேண்டிக்கொள்ளட்டும். ஆனால் மாத்திரையை நிறுத்தக் கூடாது, கட்டிப்போடக் கூடாது. ஏர்வாடியில் மனநோயாளிகளை வைத்திருந்த காப்பகம் ஒன்று 2001 ஆகஸ்ட் 6 அன்று தீப்பிடித்தபோது, சங்கிலியில் கிடந்தவர்களால் ஓட முடியவில்லை. 28 பேர் இறந்தார்கள். சங்கிலியிடுவதை 2017-ஆம் ஆண்டு மனநலச் சட்டம் அடியோடு தடை செய்கிறது. இதை அவரிடம் தனியாக, பொறுமையாகச் சொல்லுங்கள்.

"எனக்கும் வருமா?" என்று என் பத்தாம் வகுப்பு மகன் கேட்கிறான். அவன் அப்பாவுக்கும் மனச்சிதைவுதான். – குளச்சல் வாசகி

வராது என்று சத்தியம் செய்யாதீர்கள். தாய் தந்தையில் ஒருவருக்கு இருந்தால், பிள்ளைகளில் நூற்றுக்குச் சுமார் 10 பேருக்கு வரலாம். மற்ற 90 பேருக்கு வராது. கஞ்சா அந்த ஆபத்தைக் கூட்டும் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். இந்த வயதில் அது அவசியம்.

பள்ளிக்கூடத்தில் "உங்க அம்மா ஊளம்பாறை" (திருவனந்தபுரத்தில் மனநல மருத்துவமனை இருக்கும் இடம்) என்று கேலி செய்கிறார்களாம். டீச்சரிடம் சொல்லலாமா? – மார்த்தாண்டம் வாசகர்

முதலில் மனைவியிடம் கேளுங்கள். சிகிச்சை விவரத்தை ரகசியமாக வைப்பது சட்டப்படி அவர் உரிமை. அவர் சரி என்றால் வகுப்பாசிரியை ஒருவரிடம் மட்டும் சொல்லுங்கள். "எங்க அம்மாவுக்குச் சுகமில்ல, மருந்து எடுக்காங்க" என்று பிள்ளையை வீட்டிலேயே நாலு தடவை சொல்லிப் பழகவிடுங்கள். ராத்திரியில் உங்களுக்கே பேச ஆள் வேண்டுமென்றால் 14416. டெலி மானஸ் உதவி எண், இலவசம், தமிழிலேயே பேசலாம்.