டிரம்ஸ் இல்லாத பாட்டு

அன்புள்ள ஐயா,

பெரம்பூரில் இருக்கிறேன். வேலை முடிந்து சென்ட்ரலிலிருந்து மின்சார ரயிலில் வரும்போது பிளாக் சபாத் என்ற பிரிட்டிஷ் ஹெவி மெட்டல் ராக் குழுவின் 'சேஞ்சஸ்' பாட்டைக் கேட்பேன். ஒவ்வொரு முறையும் கண் கலங்கிவிடும். "மெட்டல் கேட்டுட்டு எவனாவது அழுவானாடா?" என்கிறார்கள் நண்பர்கள். அந்த இசையில் உண்மையிலேயே சோகம் இருக்கிறதா, நானாக ஏற்றிக்கொள்கிறேனா?

— ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

இருக்கிறது. சந்தேகமே வேண்டாம்.

1972இல் 'வால்யூம் 4' ஆல்பத்தில் வந்த பாட்டு அது. டிரம்மர் பில் வார்டின் மணவாழ்க்கை அப்போது முறிந்துகொண்டிருந்தது. அதை மனதில் வைத்து, குழுவில் பாஸ் கிட்டார் வாசித்த கீஸர் பட்லர் வரிகளை எழுதினார். டோனி அயோமி கிட்டாரை விட்டுவிட்டுப் பியானோவில் உட்கார்ந்தார். பாட்டில் டிரம்ஸே கிடையாது. துக்கம் யாருடையதோ அவர் கை சும்மா இருக்கிறது, மற்ற மூவரும் அவருக்காக வாசிக்கிறார்கள், பாடுகிறார்கள். சாவு வீட்டில் உரியவரை ஓரமாக உட்காரவைத்துவிட்டு மற்றவர்கள் ஆகவேண்டியதைப் பார்ப்பார்களே, அதுதான் எனக்கு நினைவுக்கு வரும்.

அவர்களுடைய கனத்த ஓசையும் ஒரு காயத்திலிருந்து வந்ததுதான். 17 வயதில், பர்மிங்காமில் ஒரு தகட்டுத் தொழிற்சாலையில், வேலையை விடவிருந்த கடைசி நாளில், அயோமியின் வலது கையில் இரண்டு விரல் நுனிகள் போயின. இடது கைப் பழக்கக்காரர்; தந்தியை அழுத்த வேண்டிய விரல்கள் அவை. பிளாஸ்டிக் பாட்டிலை உருக்கி விரலுக்கு உறை செய்துகொண்டு மறுபடி வாசித்தார். பிற்பாடு, அழுத்தச் சுலபமாக இருக்கட்டும் என்று தந்தியைத் தளர்த்திச் சுருதியை இறக்கினார். அந்த இருட்டு ஓசை இன்னும் ஆழத்துக்குப் போனது.

சத்தத்துக்கும் துக்கத்துக்கும் ஆகாது என்று நம்மூரில் யார் சொல்ல முடியும்? வடசென்னையில் சாவு மேளம் அடித்தால் தெருவே அதிரும். என் அப்பா இறந்த அன்று காலையிலிருந்து எனக்கு அழுகையே வரவில்லை. மேளக்காரர்கள் டீ குடிக்க நிறுத்தினார்கள். திடீரென்று பந்தலில் ஃபேன் சத்தம் மட்டும் கேட்டது. அப்போதுதான் உடைந்தேன்.

அதனால் ஒன்று சொல்கிறேன். 'சேஞ்சஸ்' அந்த ஆல்பத்தில் மூன்றாவது பாட்டு. அதை மட்டும் தனியாகப் போடாதீர்கள். ரயில் ஏறியதும் முதல் பாட்டிலிருந்து ஓடவிடுங்கள். இரண்டு பாட்டு கிட்டாரும் டிரம்ஸும் இடித்துத் தள்ளும். வியாசர்பாடி பக்கம் வரும்போது எல்லாம் நின்று பியானோ மட்டும் கேட்கும். மிச்சத்தை வீட்டுக்கு நடந்துகொண்டே கேளுங்கள்.

அன்புடன்.