மருத்துவக் காப்பீடு இல்லாமல் விபத்தில் அடிபட்டால் சிகிச்சை கிடைக்குமா?

கிடைக்கும். தமிழ்நாட்டில் 2021 டிசம்பரில் வந்த ‘இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48’ திட்டம் இதற்குத்தான். சாலை விபத்து நடந்த முதல் 48 மணி நேரச் சிகிச்சை இலவசம். காப்பீட்டு அட்டை வேண்டாம், வெளிமாநிலத்தவருக்கும் உண்டு. தொடக்கத்தில் 1 லட்சம் ரூபாய் என்றிருந்த வரம்பைப் பிறகு 2 லட்சமாக்கினார்கள். ஆனால் எல்லாத் தனியார் மருத்துவமனையிலும் கிடையாது, திட்டத்தில் சேர்ந்தவற்றில் மட்டும். அதனால் 108-ஐக் கூப்பிடுவதே நல்லது.

மத்திய அரசும் 2025 மே மாதம் ஒரு திட்டத்தை அறிவித்தது: விபத்து நடந்ததிலிருந்து 7 நாள், 1.5 லட்சம் ரூபாய் வரை இலவசச் சிகிச்சை.

சரி, அதற்கு மேல் செலவானால்? இடித்த வண்டியின் மூன்றாம் நபர் காப்பீட்டிலிருந்து (அந்த வண்டியால் பிறருக்கு ஏற்படும் பாதிப்புக்கான காப்பீடு), மோட்டார் வாகன விபத்துத் தீர்ப்பாயம் வழியாக இழப்பீடு கேட்கலாம். பணம் வரத் தாமதமாகும், அதுவரை கைக்காசுதான்.

இதில் பலர் கோட்டைவிடுவது ஏ.ஆர். காப்பியில். அவசரப் பிரிவில் மருத்துவர் எழுதும் விபத்துப் பதிவேடு அது. கூட வந்தவர் பதற்றத்தில் “பைக்கிலிருந்து விழுந்துட்டார்” என்று சொன்னால் அப்படியே பதிவாகிவிடும். அப்புறம் கார் இடித்தது என்று நிரூபிப்பது பெரும்பாடு. எந்த வண்டி இடித்தது, தெரிந்தால் அதன் எண் என்ன என்பதை அங்கேயே சொல்லிவிடுங்கள். மருந்துக்கடை ரசீது வரை அசலைப் பத்திரப்படுத்துங்கள்.