ஏற்றத்தாழ்வு பற்றி முனைவர் பட்ட ஆய்வா? ப்ரொபோசல் சந்தேகங்களைக் கேளுங்கள்

கேள்வி (செந்தூல்): அக்கா, "பி40 இந்தியர்களிடையே சமூக ஏற்றத்தாழ்வு" என்று தலைப்பு வைத்தேன். சூப்பர்வைசர் திருப்பி அனுப்பிவிட்டார். என்ன குறை?

பதில்: யாரைப் பற்றி என்று இருக்கிறது, எதைக் கேட்கப் போகிறீர்கள் என்று இல்லை. பி40 என்பது மலேசியக் குடும்பங்களின் வருமான வரிசையில் கீழே உள்ள 40 விழுக்காடு, அவ்வளவுதான். நாடு எவ்வளவு பணக்காரநாடாக ஆனாலும் கீழே ஒரு 40 விழுக்காடு இருந்தே தீரும். 2022 கணக்கெடுப்பில் தேசிய அளவில் 5,250 ரிங்கிட்டுக்குக் கீழ் குடும்ப வருமானம் என்றால் பி40. இரண்டு பேர் இருக்கும் வீட்டுக்கும், செந்தூல் அடுக்குமாடியில் ஏழு பேர் நெருக்கியடிக்கும் வீட்டுக்கும் அதே கோடு. இப்படிக் கேட்டுப் பாருங்கள்: தோட்டத்தை விட்டு வெளியேறிய குடும்பங்களில், மாற்று வீடு கிடைத்தவர்களின் பிள்ளைகளும் கிடைக்காதவர்களின் பிள்ளைகளும் படிப்பில் எங்கே பிரிந்தார்கள், ஏன்? இதில் ஓர் ஒப்பீடு இருக்கிறது, தேடுவதற்கு ஒரு காரணமும் இருக்கிறது.

கேள்வி (ஷா ஆலாம்): எத்தனை பேரை நேர்காணல் செய்தால் போதும்?

பதில்: கேள்வியைச் சொல்லுங்கள், பிறகு எண்ணிக்கை.

கேள்வி (கிள்ளான்): நாட்டில் வறுமை 2016-இல் 0.4 விழுக்காடு, 2019-இல் 5.6. மூன்றே ஆண்டில் இவ்வளவு ஏறியது என்று பின்னணியில் எழுதலாமா?

பதில்: எழுதினால் வைவாவில், அதாவது வாய்மொழித் தேர்வில், மாட்டிக்கொள்வீர்கள். ஏறியது வறுமை இல்லை, கோடு. பழைய வறுமைக்கோடு மாதம் 980 ரிங்கிட். ஐநா சிறப்பு அறிக்கையாளர் பிலிப் ஆல்ஸ்டன் 2019 ஆகஸ்டில் இங்கே வந்து, இந்தக் கோடு நடப்புக்கு ஒவ்வாதது என்று வெளிப்படையாகச் சொன்னார். 2020 ஜூலையில் அது 2,208 ஆனது; உங்கள் 2019-இன் 5.6 இந்தப் புதிய கோட்டில் கணக்கிட்டது. புதிய முறையில் 2016-ஐக் கணக்கிட்டால் 7.6. ஆக, அந்த மூன்றாண்டில் வறுமை குறைந்திருக்கிறது! இரண்டு எண்ணை அருகருகே வைக்கும் முன் இரண்டும் ஒரே கோலால் அளந்தவையா என்று பாருங்கள்.

கேள்வி (காஜாங்): எஸ்பிஎஸ்எஸ் நல்லதா, என்விவோவா?

பதில்: மென்பொருள் கடைசி வேலை.

கேள்வி (ஈப்போ): இனம், வர்க்கம் இரண்டில் எதை எடுப்பது? ஜினி போதுமா?

பதில்: ஜினி என்பது வருமான ஏற்றத்தாழ்வை ஒரே எண்ணில் சொல்லும் அளவுகோல். குழுக்களாகப் பிரித்துப் பார்க்க அது தோதுப்படாது, குழுக்களின் வருமானம் ஒன்றின்மேல் ஒன்று படியும்போது எந்தப் பிரிவிலும் சேராத மிச்சம் கணக்கில் விழும். ஏற்றத்தாழ்வின் இன்னோர் அளவுகோலான தெயில் குறியீட்டை எடுங்கள். அது இனங்களுக்கு இடையே இவ்வளவு, இனங்களுக்கு உள்ளே இவ்வளவு என்று துல்லியமாகப் பிரியும். மலேசியாவில் பெரும்பங்கு உள்ளேதான்.

கேள்வி (பிரிக்பீல்ட்ஸ்): அப்படியானால் இனப் பாகுபாடு பெரிய விஷயம் இல்லை என்கிறீர்களா? வாடகைக்கு வீடு தேடினால், பேரைக் கேட்டதும் "வீடு போய்விட்டது" என்பார்களே, அதை அனுபவித்திருக்கிறீர்களா அக்கா?

பதில்: அப்படிச் சொல்லவே இல்லையம்மா. பங்கு வேறு, காரணம் வேறு. வாடகை மறுப்பு வருமானக் கணக்கெடுப்பில் பதிவாவதே இல்லை. அதைப் பிடிக்க வேறு வழி வேண்டும்: ஒரே விளம்பரத்துக்கு, ஒரே சம்பளம், ஒரே வேலை, வேறு வேறு இனப் பெயர் போட்டு செய்தி அனுப்பி, யாருக்குப் பதில் வருகிறது என்று எண்ணுங்கள். நல்ல ஆய்வு அது.

கேள்வி (ஈப்போ): மன்னிக்கணும், தோட்டத்தில் வேலை வாங்கிய கங்காணியும் பால்மரம் வெட்டியவரும் ஒரே மொழி பேசியவர்கள்தானே? வர்க்கம்தான் அடிப்படை.

கேள்வி (பிரிக்பீல்ட்ஸ்): கங்காணியின் பேரனுக்கும் அந்த வீடு கிடைக்காது, அண்ணே.

பதில்: இருவரும் ப்ரொபோசலைத்தான் பேசிக்கொண்டிருக்கிறீர்கள், தெரிகிறதா? கங்காணி வழி வந்தவர், தொழிலாளி வழி வந்தவர் இருவரும் அதே வீட்டுக்கு விண்ணப்பித்தால் பதில் மாறுமா? மாறாவிட்டால் பிரிக்பீல்ட்ஸ் சொல்வது நிற்கும். மாறினால் ஈப்போ. ஆனால் பெயரை வைத்து யார் எந்த வழி வந்தவர் என்று தெரியாது. தொழிலையும் முகவரியையும் மாற்றித்தான் சோதிக்க முடியும்.

கேள்வி (பத்துமலை): குடியுரிமை இல்லாதவர்களை எடுக்கலாமா? எத்தனை பேர்?

பதில்: எண்ணிக்கைக்கு ஷா ஆலாமுக்குச் சொன்னதே. எடுக்கலாம், நெறிமுறைக் குழு அனுமதி வந்த பிறகு. சிவப்பு ஐசியோ (நிரந்தரவாசி அடையாள அட்டை) வேறு ஆவணமோ, போனில் படம் பிடித்து வைக்காதீர்கள். பெயருக்குப் பதில் குறியீடு, அந்தப் பட்டியல் தனியாகப் பூட்டிய இடத்தில். குடியுரிமை விண்ணப்பத்துக்கு உதவி கேட்டால் வழக்கறிஞரிடம் அனுப்புங்கள். நீங்கள் படிவம் நிரப்பாதீர்கள்.